டாக்டர் பெயரில் ஒரு புண்

பஸ் டிரைவரின் முழங்காலுக்குக் கீழே இருந்த புண்ணை டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் ஆறாத புண்.

"சுகர் இல்ல, ரத்த ஓட்டம் நல்லாருக்கு, சதை எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு. வீட்ல எங்கயாவது இடிச்சுக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். வீட்ல இருந்தா காஞ்சிடுது. இங்க வர்ற அன்னிக்குதான் மறுபடி ரத்தம் கசியுது."

"விசித்திரமா இருக்கே! அப்போ வாரம் ஒரு தடவை பத்தாது. ரெண்டு தடவை வாங்க."

டாக்டருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அரிப்புக்கு வந்த டீச்சருக்கும், மரு எடுக்க வந்த தையல்காரருக்கும் இப்போது அதே இடத்தில் அதே புண். உலகம் பார்க்காத வியாதி! அதற்குத் தன் பெயரையே வைத்துவிடுவதென்று முடிவு கட்டிவிட்டார்.

பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவரின் காலை மேலிருந்து போட்டோ எடுக்க, கட்டிலை ஒட்டியிருந்த படியில் கால் வைத்து ஏறினார்.

"அய்யோ அம்மா!"

கட்டிலின் இரும்பு விளிம்பு, டாக்டரின் காலிலும் சரியாக அதே இடத்தைப் பதம் பார்த்திருந்தது.

டிரைவர் பரிதாபமாக உச்சுக் கொட்டினார். "ஏறும்போது எல்லாருக்கும் இடிக்கும் டாக்டர்."

"யோவ், இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"வீட்ல இடிச்சுக்கிறீங்களான்னுதானே கேட்டீங்க?"