ஒழுகுகிற ஜன்னல்

"ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் பண்ணி வச்சுட்டேன். பேர் மட்டும் போடலை. ஏன்னா நான் நியாயமான ஆளு," என்றார், அடுத்தவர் குற்றத்தைத் துருவித் தேடுவதால் ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கியவர். தாளை மேஜையில் வைத்து, அதன் மேல் தன் பேனாவையும் வைத்தார்.

எதிரே இருந்த பொத்தான் அக்கா எடுத்துப் படித்தாள். "'என் கவனக்குறைவால் நிறுவனத்துக்கு நேர்ந்த தலைகுனிவுக்கு முழுப்பொறுப்பேற்று...' நல்லா எழுதியிருக்கீங்க சார்."

இரண்டே அறை கொண்ட நிறுவனம். கணினித் திரையில் ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் வரைந்து காட்டும் மென்பொருளைச் செய்து விற்பது அவர்கள் தொழில். அதிலிருந்த பொத்தான், படம், பட்டியல் அத்தனையும் பதினோரு வருடமாக அக்கா எழுதியவை. பூதக்கண்ணாடி எழுதியது ஒன்றே ஒன்றுதான். ஆனால் முதலாளியின் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டவருக்கு அந்த ஒன்றுகூட அதிகம். தலைமைப் பொறியாளர் நாற்காலி அவருக்குத்தான்.

ஆறு வாரமாக ஓர் ஆஸ்பத்திரி அவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரவேற்பறைக் கணினி காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானத்துக்குள் மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது. மெமரி லீக். ஜன்னலைத் திறக்கும்போது நினைவகத்தில் வாங்குகிற இடத்தை, மூடும்போது திருப்பித் தராமல் ஏதோ ஒன்று அமுக்கிக்கொள்கிறது. அது எது என்று இன்று மாலை ஐந்துக்குள் கண்டுபிடித்து, எழுதியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

"நான் ஆறு மாசமா ஒரு வரிகூட மாத்தலையே சார்," என்றாள் அக்கா. "என் மெஷின்ல நாள் பூரா நிக்காம ஓடுது."

"உங்க மெஷின்லதான் நோட்டத்தைப் போடவே விடலையே! யாரும் பாக்காதப்ப எல்லாருமே யோக்கியந்தான்."

நோட்டம் என்பதுதான் அவர் எழுதிய அந்த ஒன்று. மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, எந்தெந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக் குறித்துக்கொள்ளும். போன வெளியீட்டில் அதைச் சேர்த்ததற்காக அத்தானான முதலாளி கையால் ஒரு கேடயமும் வாங்கி, வருகிறவர்கள் முகத்தில் இடிக்கிற மாதிரி வைத்திருந்தார்.

"இன்னிக்கு அதை நொடிக்கு ஒரு தரம் பாக்கச் சொல்லப்போறேன்," என்று கீபோர்டில் தட்டினார். திரையில் நினைவகச் செலவைக் காட்டும் கோடு முன்னைவிட வேகமாக மேலே ஏறியது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நெருக்க நெருக்கத்தான் உண்மை வெளிய வரும்!"

"சார், ஒருவேளை..."

"ஒருவேளைக்கெல்லாம் நேரமில்லை. நேத்து நோட்டத்துல புதுசா ஒண்ணு சேர்த்திருக்கேன். அதிகம் விழுங்கினது எது, எழுதினது யாருன்னு, சரியா அஞ்சு மணிக்கு அத்தானுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுவே மெயில் அனுப்பிடும்."

அக்கா நிமிர்ந்தாள். "அனுப்பறதுக்கு முன்னாடி நாம ஒரு தடவை பாத்துக்கலாமா சார்?"

"ஏன், உள்ளுக்குள்ள உதறுதா?"

எது ஒழுகுகிறதென்று பார்க்க, பதினோரு மணிக்கு அவர் பொத்தான்களை நிழலோடு நீக்கினார். கோடு ஏறியது. பன்னிரண்டுக்குப் படங்களை நீக்கினார். ஏறியது. சாப்பிட்டுவிட்டு வந்து பட்டியல்களை நீக்கினார். மூன்று மணிக்கு அக்கா எழுதியதில் ஒரு புள்ளிகூடப் பாக்கியில்லை. வெறும் சாம்பல் நிற ஜன்னல் ஒன்று திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கோடு என்னவோ ஏறிக்கொண்டேதான் இருந்தது.

"எடுத்த பிறகும் ஒழுகுதுன்னா, உங்க கைவரிசை எவ்வளவு ஆழமா இறங்கியிருக்குன்னு பாருங்க!" என்றார், உண்மையிலேயே வியந்து.

"சார், இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அந்த மெயிலை மட்டும் நிறுத்தி வைங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"காலைப் பிடிச்சாலும் நடக்காது. யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கேன். நானே நினைச்சாலும் நிறுத்த முடியாது. வேலியே பயிரை மேஞ்சா, மூடி மறைக்கச் சொல்றீங்களா?"

அக்கா பெருமூச்சு விட்டாள். பதினோரு வருட வேலை, பாவம் என்று அவருக்கே ஒரு கணம் இரக்கம் வந்தது. டீ வரவழைத்து அவளுக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார்.

ஐந்து மணி. பக்கத்து அறையில் முதலாளியின் கைபேசி 'டிங்' என்றது. கொஞ்ச நேரம் அங்கே யாரிடமோ குரல் தாழ்த்திப் பேசிவிட்டு, முதலாளி வாசற்படியில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க மச்சான். சொன்ன மாதிரி இன்னிக்கே ஆளை அனுப்பச் சொல்றாங்க. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

"உங்களுக்கு எப்பவும் இளகின மனசு அத்தான். கொடுங்க, நான் சொல்லிடறேன்."

கைபேசியை வாங்கி, அக்கா பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'அதிகம் விழுங்கியது: நோட்டம். குறித்துக்கொண்ட ஜன்னல் ஒன்றையும், மூடிய பிறகும் கைவிடவில்லை. எழுதியவர்...'"

அதற்கப்புறம் இருந்தது, இருபது வருடமாக அவர் கையெழுத்துப் போடுகிற பெயர்.

"அதுக்குத்தான் சார் காலையிலேர்ந்து கெஞ்சினேன்," என்ற அக்கா, கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.