ஒரு போல்ட் மிச்சம்

வாசலில் மைத்துனரின் பைக் சத்தம் கேட்டதும், ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த போல்டை லபக்கென்று வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

சட்டைப் பையில் போட்டிருக்கலாம். ஆனால் பதறிப்போன மனுஷனுக்குப் பை எங்கே, வாய் எங்கே என்று தெரியுமா? பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவருடைய பழைய பிக்கப் வண்டியில் ஹீட்டர் கோர் ஒழுக ஆரம்பித்திருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கையகல ரேடியேட்டர் அது; வண்டிக்குள் சூடு வருவதே அதனால்தான். அதில் ஓட்டை விழுந்ததும் கால் விரிப்பெல்லாம் ஈரம், கண்ணாடியெல்லாம் மூட்டம். குளிரில் விடியற்காலையே ரொட்டி ஏற்றிப் போகிறவருக்கு விரல்கள் விறைத்துப்போயின.

சாமான் என்னவோ சின்னதுதான். ஆனால் அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். சில வருஷங்களுக்கு முன் இதே வண்டியில் இதே வேலையைச் செய்து கொடுத்தவர் மனைவியின் அண்ணன். பெயர் போன மெக்கானிக். இந்த முறை அவரே கையை விரித்துவிட்டார். கிழட்டு வண்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், பேசாமல் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்.

ரொட்டிக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி வந்த வண்டி. அதை நசுக்கித் தகரமாக்க விடுவதா? நானே மாற்றிக் காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார்.

மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி மாப்ளே. கழட்டினதை ஒண்ணு விடாம மாட்டிட்டீங்கன்னா வண்டி உங்களுக்கு. ஒரே ஒரு போல்ட் மிஞ்சினாலும் இரும்புக் கடைக்கு. சம்மதமா?”

ரோஷத்தில் இவரும் சம்மதம் என்று தலையாட்டிவிட்டார். ரோஷத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மைத்துனருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியில் எந்த போல்டைக் கழற்றினாலும் அதன் தலையில் பச்சைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். தொலையாமல் இருக்க. போன தடவை அவர் வைத்த பொட்டுகள் இன்னும் அழியாமல் இருந்தன. ரொட்டிக்கடைக்காரர் தன் பங்குக்கு, கழற்றக் கழற்ற, மனைவியின் நகப்பாலிஷை எடுத்து ஒவ்வொன்றிலும் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, ஒரு தட்டில் போட்டுக்கொண்டே வந்தார். டேஷ்போர்டைத் தூக்கியபோது உள்ளிருந்து உதிர்ந்ததையும் அதே தட்டில் அள்ளிப் போட்டார்.

புது ஹீட்டர் கோர் அழகாகப் பொருந்தியது. டேஷ்போர்டும் இடத்தில் உட்கார்ந்தது. அவர் கழற்றிய இடமெல்லாம் நிறைந்துவிட்டது. ஆனால் தட்டில் ஒரு போல்ட் மிச்சம் கிடந்தது. அதில் பச்சைப் பொட்டு இருந்தது, சிவப்பு இல்லை.

“இதுக்கு வைக்க மறந்திருப்பீங்க,” என்றாள் மனைவி. அது சரி, எந்த இடத்துப் போல்ட் இது? இருவரும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த பைக் சத்தம்.

உள்ளே வந்த மைத்துனர் முதலில் பார்த்தது வண்டியை அல்ல, உப்பிய கன்னத்தை. என்ன ஆச்சு என்று கேட்டார். பல்வலி என்று மனைவி முந்திக்கொண்டாள்.

“டேஷ்போர்டைப் பல்லாலயா கழட்டினாரு?” என்றார் மைத்துனர்.

மூவரும் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போனார்கள். சூடு இதமாகப் பரவியது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வருஷக்கணக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே எங்கேயோ லொடக்கென்று ஒரு சத்தம் வரும். வயசான வண்டி முனகத்தான் செய்யும் என்று மைத்துனரே சொல்லியிருக்கிறார். இன்று அந்த முனகலும் இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், பிறகு வாயைப் பிளந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “ஒத்துக்கறேன் மாப்ளே. என் பட்டறையில இருக்கிறவங்களுக்குக்கூட இப்படி வேலை வராது.”

அதோடு தீர்ந்தது. திட்டியிருந்தால் ரொட்டிக்கடைக்காரர் தாங்கியிருப்பார், இந்தப் பாராட்டை அவரால் தாங்க முடியவில்லை. மனதாரப் புகழ்கிறவரை ஏமாற்றுவதா என்று நெஞ்சு உறுத்தியது. போல்டைக் கையில் துப்பி, சட்டையில் துடைத்து, சாவியோடு சேர்த்து நீட்டினார்.

“மன்னிச்சிருங்க மச்சான். ஒண்ணு மிஞ்சிடுச்சு. வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மைத்துனர் போல்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் ஏன் சிவப்பு இல்லை என்று கேட்டார். வைக்க மறந்துவிட்டேன் என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

மைத்துனர் வண்டிக் கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து ஒவ்வொரு போல்டாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் பச்சையும் சிவப்புமாக இரண்டிரண்டு பொட்டுகள். மறுபடி கையிலிருந்ததைப் பார்த்தார். திருப்பத்தில் வரும் அந்த லொடக் சத்தத்தைத் தேடுவதுபோல லேசாக ஆட்டி, காதருகே வைத்தும் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மெல்ல அசடு வழிந்தது.

தங்கை பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சாவியை ரொட்டிக்கடைக்காரர் கையிலேயே வைத்து அழுத்தினார்.

“நீங்க மறக்கல மாப்ளே. இது போன தடவை நான் மிச்சம் வச்சது.”