மாப்பிள்ளை கை வைக்காத இலை

மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கோபிநாத், ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினார்.

“கறிக்கொழம்பு புடிக்கலைங்களா மாப்ளே?”

“பசியில்ல மாமா.”

மாமனார் நல்லதம்பி, கல்யாணத்துக்கு பைக் வாங்கித் தராத கோபம்தான் என்று முடிவுகட்டினார். மறுநாளே கறவை மாட்டை விற்று, திருமயத்தில் முன்பணம் கட்டி, புது பைக்கை வாசலில் நிறுத்தினார்.

“இதெல்லாம் எதுக்கு மாமா?” என்றபடியே மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டார்.

ராத்திரியும் இலை அப்படியே இருந்தது.

நல்லதம்பி மகள் அருணாவிடம் ஓடினார். “இன்னும் என்னம்மா கோவம் அவருக்கு?”

“கோவமா? தொப்பை எறங்கட்டும்னு நான்தாம்ப்பா பசியடக்குற குடம்புளி மாத்திரை குடுக்குறேன்!”

வாசலில் மாப்பிள்ளை பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் கயிறு மட்டும் கிடந்தது.

நல்லதம்பிக்கு மாத்திரை போடாமலே பசி செத்துப்போனது.