மூட்டைக்குக் கால் கிடையாது

“‘அவனுக்குக் கல்லு மனசு’ன்னா என்ன சார் அர்த்தம்?”

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

அவர் யோசித்தார். “ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.”

பக்கத்தில் இருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா என்று சொல்ல முடியவில்லை.

பக்கவாதம் வந்து பிழைத்தவர். கை கொஞ்சம் தேறிவிட்டது. தண்ணீர் கேட்கிறார், பேப்பர் படிக்கிறார், மருந்தை மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுகிறார். ஒன்றை இன்னொன்றாகச் சொன்னால் மட்டும் புரியவில்லை.

பேச்சுக்குப் பேர்போன மனிதர். விசேஷ வீடுகளில் அவர் உட்கார்ந்த பக்கம்தான் கூட்டம். அவர் வாயிலிருந்து ‘மாதிரி’ என்ற சொல் வருவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

“நம்ம வீட்டு ஜோக்கையே கேட்கிறேன்” என்று மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்பா, நீங்க சொன்னதுதான். மூட்டை நடந்து வர்ற மாதிரி.”

“மூட்டைக்குக் கால் கிடையாது.”

“எண்ணெய் போடாத கதவு மாதிரி?”

“எண்ணெய் போட்டா சரியாயிடும்.”

“லேட்டா எரியிற டியூப் லைட் மாதிரி?”

“ஸ்டார்ட்டரை மாத்தணும்.”

மகளுக்குக் கண் கலங்கியது. “எப்படியாவது பழைய அப்பாவைக் கொண்டுவந்துடுங்க மேடம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் நாங்க வளர்ந்தோம். வீடே சிரிக்கும்.”

வீடே சிரித்தது உண்மைதான். சமையலறைவரை கேட்கும்.

மூட்டை நடந்து வந்ததும் அந்தச் சமையலறையிலிருந்துதான், விருந்தாளிகளுக்கு டீத் தட்டை ஏந்திக்கொண்டு. எண்ணெய் போடாத கதவு, அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே ஒருநாள் பாடியபோது. டியூப் லைட், பேச்சுக்கு நடுவே அவள் ஒரு சந்தேகம் கேட்டபோது.

அப்புறம் அவள் பாடவுமில்லை, கேட்கவுமில்லை.

“பயப்படாதீங்க” என்றாள் பயிற்சிப் பெண். “அம்மா தினமும் இந்த அட்டையை வெச்சுப் பழக்கினாங்கன்னா பழைய பேச்சு அப்படியே வந்துடும். விட்டுட்டா இப்படியே நின்னுடும்.”

மனைவி ஈரக் கையோடு சுவரோரம் நின்றிருந்தாள். நீட்டிய அட்டைகளை அவள் வாங்கவில்லை.

“சரி, கடைசியா ஒண்ணு. சார், உங்க மனைவி எது மாதிரி இருக்காங்க?”

மகள் முன்னால் சாய்ந்தாள். சிரிக்கத் தயாராக உதடு விரிந்திருந்தது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பார்வை கூட்டத்தின் மேல்தான் இருந்திருக்கிறது.

“எது மாதிரியும் இல்ல” என்றார். “காதோரம் நரைச்சிருக்கு. கை ஈரமா இருக்கு. ரொம்ப நேரமா நிக்கிறா.”

பயிற்சிப் பெண் பெருமூச்சு விட்டாள். தப்பு என்று குறிக்கப் பேனாவை எடுத்தாள்.

“சரின்னு போடும்மா” என்றாள் மனைவி.

“இல்லம்மா, ஏதாவது ஒண்ணோட ஒப்பிட்டுச் சொல்லணும். அப்பத்தான்...”

“சரின்னு போடு. போட்டுட்டு, அட்டையை எல்லாம் எடுத்துப் பையில வெச்சுக்க. நடக்கிறதுக்கு, கை மடக்கிறதுக்கு என்ன இருந்தாலும் சொல்லிக் குடு, நாள் பூரா கூட நின்னு செய்ய வைக்கிறேன். இது மட்டும் வேண்டாம்.”

“என்னம்மா நீ” என்றாள் மகள். “அவர் தமாஷுக்குத்தானே சொல்லுவார். நீயும்தானே கூடச் சிரிப்ப.”

“நான் சிரிச்சு நீ பார்த்தியா? தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா பழையபடி ஆகணும்னு உனக்கு ஆசையே இல்லையாம்மா?”

“இல்ல.”

அந்தச் சொல்லுக்கு உள்ளே வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று மகள் அம்மாவின் முகத்தில் தேடினாள்.

ஒன்றும் இல்லை.