ஹால் விளக்கு இணைப்பில் இல்லை

ஆபீஸில் சாப்பாட்டு நேரம். வலது கை தயிர் சாதத்தில். இடது கையால் போனைத் திருப்பினாள்.

‘ஹால் விளக்கு இணைப்பில் இல்லை.’

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமரா போயிற்று. பிறகு ஸ்பீக்கர். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின.

நாசமாய்ப் போன வைஃபை.

வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். ஆடியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். போன் அடித்தால் எடுக்கமாட்டார். கூப்பிடுகிறவன் எல்லாம் லோன் கொடுக்கிறவன் என்பது அவர் கட்சி. அதனால்தான் ஒரு கேமரா, வாயால் சொன்னால் எரிந்து அணையும் விளக்குகள், பேச்சுத் துணைக்கு ஒரு ஸ்பீக்கர் என்று வாங்கி மாட்டினாள். பகலிலும் விளக்கு வேண்டியிருக்கிற கீழ்த்தள வீடு.

அந்த ஸ்பீக்கருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

“லைட்ட அமத்து” என்றார் அப்பா, முதல் நாள். திருநெல்வேலிக்காரர். அவருக்கு விளக்கை அமத்தத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது.

“மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை” என்றது அது.

அதற்குப் பிறகு அவர் அதனோடு பேசவில்லை. அதுதான் சும்மா இருக்காது. டிவியில் யார் பேசினாலும் குறுக்கே புகுந்து மன்னிப்புக் கேட்கும்.

•

சொன்ன வைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள்.

ரவுட்டரை அணைத்துப் போட்டாள். ஃபிரிட்ஜ் மேலிருந்து ஷோகேஸுக்கு மாற்றினாள். பாஸ்வேர்டை மாற்றி, ஒவ்வொரு பல்பாகத் திரும்பச் சேர்த்தாள். ஸ்டூலில் ஏறி இறங்கி முழங்கால் போயிற்று. கஸ்டமர் கேரில் காத்திருந்து காத்திருந்து அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து பார்த்தார்.

“சிக்னல் ஃபுல்லா இருக்கே மேடம்” என்றார். அவள் பொய் சொல்கிறாள் என்பதுபோல ஒரு பார்வை. போய்விட்டார்.

பகலில்தான் போகும். அந்தியில் அவள் வந்து பார்க்கும்போது ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் பச்சையாக இருக்கும். பேயா பிசாசா என்று கேட்கக்கூடத் தெம்பில்லை.

•

காய்ச்சல் என்று லீவு போட்ட அன்று தெரிந்தது.

அப்பா சாப்பிட்டார். சமையலறையில் டக் என்று சுவிட்ச் சத்தம். அவள் போனில் ஒரு புள்ளி சாம்பலானது. தட்டைப் பின்பக்கம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹாலுக்கு வந்தார். டக். படுக்கப் போகிற வழியில் ஷோகேஸ் பக்கம் குனிந்தார். அங்கே ரவுட்டர் சுவிட்சில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. டக்.

அந்தியானால் வீட்டில் உள்ள சுவிட்சையெல்லாம் போட்டுவிடுவார். விளக்கு வைக்கிற நேரம். அதுவும் அவர் வழக்கம்தான்.

“யப்பா! என்னப்பா பண்றீங்க?”

“யாருமில்லாத ரூம்புல எதுக்குட்டி எரியுது?”

“இதுக்காக நான் நாயா பேயா அலைஞ்சிக்கிட்டிருக்கேன்!”

கத்திவிட்டாள். அவர் சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல் நின்றார். போடுவதா, அமத்துவதா என்று தெரியவில்லை அவருக்கு. அவளுக்கு அசிங்கமாக இருந்தது, தன் மீதே.

“சரி, அமத்தியே இருக்கட்டும். படுங்க.”

•

அதன் பிறகு அவள் எதையும் சரிசெய்யவில்லை.

ஆபீஸில் போன் அதிரும். ‘சமையலறை விளக்கு இணைப்பில் இல்லை.’ சாப்பிட்டுவிட்டார். ‘ஹால் விளக்கு இணைப்பில் இல்லை.’ தட்டைக் கழுவிவிட்டார். எல்லாம் சாம்பலானால், படுத்துவிட்டார்.

அவளும் டப்பாவை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அலுப்பில் பாதி அதிலேயே போயிற்று.

•

இன்று டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, மூடியும் ஆயிற்று. மாதக் கடைசி. தலைக்கு மேல் வேலை.

பக்கத்து சீட் மரகதவல்லிதான் கேட்டாள்.

“என்னடி, உன் போன் சத்தத்தையே காணோம்? ஒருவழியா வைஃபை சரியாயிடுச்சா?”

போனைத் திருப்பினாள்.

சமையலறை, பச்சை. ஹால், பச்சை. அப்பா அறை, பச்சை. கேமரா, ஸ்பீக்கர், எல்லாம்.

இத்தனை நாளாக அவள் கேட்டது இதைத்தான்.

கேமராவைத் தட்டினாள். உடனே வந்தது படம். அவ்வளவு தெளிவாக அது என்றைக்கும் வந்ததில்லை. ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருமில்லை. மேசையில் காலையில் அவள் மூடி வைத்த தட்டு மூடியபடியே இருந்தது.

பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

“யப்பா.”

ஃபேன் காற்றில் காலண்டர் தாள் ஆடுவதுகூடத் தெரிந்தது.

“யாருமில்லாத ரூம்புல லைட்டு எரியுதுப்பா. வந்து அமத்துங்க.”

மரகதவல்லி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

வீட்டிலிருந்து பதில் வந்தது.

“மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை.”