பல்லுப்பூச்சி

கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையைப் புனல் வழியாகத் தன் சொத்தைப்பல்லில் பிடித்தாள் பேச்சித்தாய். கீழே தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த புருஷன் மாடக்கண்ணு, எச்சிலோடு விழுந்த வெள்ளைத் துணுக்கைக் காட்டினான்.

“பல்லுப்பூச்சி விழுந்துட்டு பாத்தியா. இனி வலிக்காது.”

வலி நின்றுதான் போனது. தெருவில் எல்லோருக்கும் காட்டவென்று பூச்சியைக் கிண்ணத்திலேயே வைத்திருந்தான். மத்தியானம், தணல் சட்டியைச் சுற்றி அதே வெள்ளைத் துணுக்குகள் விதை வெடித்துச் சிதறிக் கிடந்ததை அவள் பார்த்தாள். காலையில் கன்னத்தில் மட்டும் இருந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மாடக்கண்ணு கஞ்சியை ஆற்றிக் கரண்டியை நீட்டினான். அது பல்லில் இடித்து நின்றது.

“வாய நல்லா தொற, பேச்சி.”

“தொறந்துதான் இருக்கேன்” என்றாள், பல்லிடுக்கு வழியாக.