எல்லாரோடும் பேசும் மென்பொருள்

"எங்க சாப்ட்வேர் எந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரோடயும் பேசும். இன்னையிலேர்ந்து அதுக்குச் சான்றிதழும் இருக்கு!"

ஓசூர் தனியார் மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில், போர்த்திய சால்வையோடு முழங்கினார் மென்பொருள் நிறுவன மேலாளர் ஹரீஷ்குமார். கைதட்டல் அடங்குவதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மனைவி ஆரோக்கியசெல்வியைக் கொண்டுவந்திருந்தான் மைக்கேல்ராஜ். அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"அங்க போட்ட ஊசி ஒண்ணு ஒத்துக்கல டாக்டர்."

"எந்த ஊசி?" என்றார் டாக்டர் வினிதா. "தெரியாம அதையே நானும் போட்டுட்டா உயிருக்கே ஆபத்துங்க. சீட்டு எங்க?"

"பேப்பரெல்லாம் வேணாம், எல்லாம் கம்ப்யூட்டர்லயே போயிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

வினிதா கணினியைத் தட்டினார். விவரம் வந்துதான் இருந்தது. திறந்தால் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும். ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

மைக்கேல்ராஜ் ஹரீஷ்குமாரிடம் ஓடினான். "சார், எல்லாத்தோடயும் பேசும்னு இப்பதான சொன்னீங்க?"

"நம்மளுது பேசும்பா. அந்தப் பக்கம் வாய் இருக்கணுமே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்றுகூட அவர் கேட்கவில்லை. "எவனோ தகர டப்பாவை மாட்டிவிட்டிருக்கான். கிருஷ்ணகிரி வரைக்கும் நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி கிடையாது. எனக்குத் தெரியாதா?"

அவள் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்க, இவர்களுக்குச் சிரிப்பு! சால்வையைப் பிடித்து இழுக்கப் போன கையை அடக்கிக்கொண்டு, கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டான் மைக்கேல்ராஜ். அங்கே நர்ஸ் லாவண்யா எடுத்தாள். ஊசியின் பெயரை அவள் சொன்னதும் போனைக் கீழேகூட வைக்காமல் வினிதாவிடம் ஓடினான். வினிதா வேறு மருந்தை ஏற்றினார்.

கொஞ்ச நேரத்தில் தடிப்பு வடிந்தது. செல்வி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

லாவண்யாவே திரும்ப அழைத்தாள். "அக்கா எப்படி இருக்காங்கண்ணா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஹரீஷ்குமார் போனைப் பிடுங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, ஒரு உசுரு போகப் பார்த்துச்சு. எந்தத் தகர டப்பாம்மா அது? பேரைச் சொல்லு, நாலு பேருக்குத் தெரியட்டும்!"

லாவண்யாவுக்கு அந்தக் குரல் பழக்கமானதுதான்.

"போன மாசம் நீங்களே வந்து மாட்டிட்டுப் போனதுதாங்க, ஹரீஷ் சார்."